சாலமோனும் கருகின பஞ்சும்

பாளையம்பட்டியில் டவுன் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே சாலமோனுடைய மோட்டார் வைண்டிங் கடை. போர்டு எழுதி இருபது வருசமாகிறது. எழுத்து வெளிறிப் போனாலும் ஆள் தேடி வந்துவிடுவார்கள். கரண்டு தாழ்ந்து வந்தால் மோட்டார் எரியும், போர்க் கிணற்றில் தண்ணீர் இறங்கினால் எரியும், மழை ஏமாற்றிய வருசத்தில் சொல்லவே வேண்டாம். திருச்சுழிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் கருகின மோட்டாரை பைக்கின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, பெரிய காயம் பட்ட ஆளைக் கூட்டி வருகிற மாதிரி மெதுவாக ஓட்டி வருவார்கள்.

வேலை சுத்தம். அதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் ஆள் சந்தேகப் பிராணி. செம்புக் கம்பி ரோல் வந்தால் மேலே ஒட்டியிருக்கிற அளவுச் சீட்டை முதலில் கிழித்துப் போடுவார். மைக்ரோமீட்டர் வைத்து மூன்று இடத்தில் அளந்து, நகத்தால் சுரண்டிப் பார்த்த பிறகுதான் ரோல் உள்ளே போகும். "நேத்துதான்ணே எரிஞ்சுச்சு" என்று சம்சாரி சொன்னால், குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "நாலு நாளாச்சு. வேற எவனோ பிரிச்சுப் பாத்துட்டுத்தான் எங்கிட்ட வந்திருக்க" என்பார். அவன் தலையைச் சொறிவான். பத்துக்கு எட்டுத் தடவை இப்படிச் சரியாக வந்துவிடும். மனுசன் கெட்டது அதனால்தான். எட்டு சரியாக இருந்தால் மீதி ரெண்டும் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது.

அவர் மனைவி சவுந்தரமும் கடையில்தான் இருப்பாள். பெரிய மோட்டார் அவருக்கு, ஃபேன், மிக்ஸி அவளுக்கு. முடி மாதிரி மெல்லிய கம்பி அவள் விரலில்தான் அறுந்து போகாமல் ஓடும். மகள் ஆன்சி மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சு. மாசம் ஒரு தடவை வந்து போவாள்.

சவுந்தரத்துக்குக் கிறிஸ்டோ என்று ஒரு தம்பி உண்டு. பதினோரு வருசத்துக்கு முன்னால் அவனும் இதே கடையில் வேலை பார்த்தான். பழைய செம்பு மூட்டை ஒன்று காணாமல் போனபோது சாவி மூன்று பேரிடம் இருந்தது. "நான் எடுக்கல, எம் பொண்டாட்டி எடுக்கல. மிச்சம் யாரு?" என்று நாலு சம்சாரிகளை வைத்துக்கொண்டு சாலமோன் கேட்டார். கிறிஸ்டோ ஒரு வார்த்தைதான் சொன்னான். அது இவர் காதில் ஏறவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவன் லாரி ஓட்டப் போய்விட்டான். அதற்குப் பிறகு வீட்டில் அவன் பேரை எடுக்கக் கூடாது என்று சட்டம். சவுந்தரம் எடுக்கவில்லை. எடுக்காமலே இருந்ததைச் சாலமோன் தன் சொல்லுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

போன தை மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கினதும் அவர் மூக்கில் மாம்பழம் ஏறியது.

தை மாசத்தில் மாம்பழம் ஏது? அதுவும் பழ வாசம் இல்லை, ஐஸ்காரன் ஊற்றுகிற எசென்ஸ் வாசம். வார்னிஷும் கிரீசும் மணக்கிற கடையில் அந்த இனிப்பு தனியாக நின்றது. முதல் நாள் அவர் பாலவனத்தத்துக்கு மோட்டார் மாட்டப் போயிருந்தார். கடையில் சவுந்தரம் மட்டும்தான்.

"நேத்து யாரும் வந்தாகளா?"

"ரெண்டு மிக்ஸி வந்துச்சு. அந்தா இருக்கு."

மிக்ஸி ரெண்டையும் மோந்து பார்த்தார். மல்லி வாசமும் பழைய சட்னி வாசமும்தான் வந்தன.

மறுநாள் கழிவுச் சாமான் டப்பாவில் வேறு ஒன்று கண்ணில் பட்டது. ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயன், எப்போதோ செத்துப்போனது ஒன்று அதில் கிடந்தது. அதை யாரோ கழற்றியிருந்தார்கள். மைக்கா தகடு பிரிந்து கிடந்தது. உள்ளே சூடேறுவதற்காகச் சுற்றியிருக்கிற மெல்லிய கம்பியைக் காணோம். சாலமோன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். களவாடுகிறவன் செம்பைக் களவாடுவான். எரிந்துபோன அயனின் உள்கம்பி எவனுக்கு வேண்டும்? புரிகிற திருட்டாக இருந்திருந்தால் ரெண்டு சத்தம் போட்டுவிட்டு விட்டிருப்பார். புரியாததால் அது நெஞ்சில் முள்ளாக நின்றது.

அப்புறம் மல்டிமீட்டர். அதை அணைத்து, மஞ்சள் துணியில் சுற்றி வைப்பது அவர் வழக்கம். வியாழக்கிழமை எடுத்தபோது திருகு பேட்டரி வோல்ட்டு அளக்கிற இடத்தில் நின்றது. மோட்டார்க் கடையில் பேட்டரிக்கு என்ன வேலை?

வெள்ளிக்கிழமை குப்பையைத் தானே கொட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போய், கடைக்குப் பின்னால் வைத்துக் கிளறினார். வார்னிஷ் துணிக்கு நடுவே ஒரு நெல் நீளத்துக்குப் பஞ்சுத் துண்டு. ரெண்டு நுனியும் வெள்ளை, நடுவில் கருகல். மோந்தார். மேலே மாம்பழம், அடியில் தீய்ந்த வாசம். தினத்தாளில் ஒரு துண்டு கிழித்து, அதில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

உள்ளே வந்து சவுந்தரத்தின் முன்னால் அதைப் பிரித்தார். "இது என்ன?"

அவள் ஃபேன் காயிலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "யாராச்சும் காது குடைஞ்சு போட்டிருப்பாக."

"காது குடைஞ்ச பஞ்சு கருகுமா?"

"எனக்கென்ன தெரியும்."

கடையில் ஒரு நட்டு உருண்டாலும் எங்கிருந்து கழன்றது என்று எடுத்துப் பார்க்கிறவள் அவள். பஞ்சைக் கையில் வாங்கவே இல்லை.  அதுவரை ஊரில் யார் மேலேயோ இருந்த சந்தேகம் அந்த நிமிசத்தில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

பக்கத்துக் கடை ராஜபாண்டி செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன். அவனிடம் போய், பஸ் ஸ்டாண்டில் கிடந்தது என்று பொய் சொல்லிப் பஞ்சைக் காட்டினார்.

ராஜபாண்டி பார்த்ததும் சொல்லிவிட்டான். "அண்ணே, இது கரண்டு சிகரெட்டோட பஞ்சு. வேப்புன்னு சொல்லுவாக. பேனா மாதிரி இருக்கும். அடியில பேட்டரி, மேல சின்னதா ஒரு டேங்கு. உள்ள பொடிசா ஒரு காயிலு, அதுக்கு நடுவுல இந்தப் பஞ்சு. டேங்குல இருக்குற வாசனத் தண்ணிய பஞ்சு உறிஞ்சி வச்சிருக்கும். பட்டன அமுக்குனா காயிலு காஞ்சு, தண்ணி ஆவியாகும். அத இழுப்பாக."

"காயிலா?"

"காயிலுதான். ஒங்க மோட்டாருக்குப் பேரன் மாதிரி. இதெல்லாம் தடைண்ணே. விக்கக் கூடாது, கடையில வச்சிருக்கவும் கூடாது. ஸ்டேசன்ல இருந்து வந்தாகன்னா கேஸு தான்."

இவ்வளவு விவரம் இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று சாலமோனுக்கு ராஜபாண்டி மேலேயும் ஒரு கண் விழுந்தது. கடைக்குத் திரும்பி, கதவிடுக்கு, மேசை இழுப்பறை, பைபிள் வைத்திருக்கிற மாடம் வரைக்கும் துழாவினார். ஒன்றும் இல்லை. ஆனால் நடந்தது அவருக்கு விளங்கிவிட்டது. அயனின் உள்கம்பி சூடேற, மீட்டர் பேட்டரிக்கு, பஞ்சு உறிஞ்ச. இந்தக் கடையில் உட்கார்ந்து யாரோ அந்தக் காயிலைச் சுற்றுகிறார்கள். அவ்வளவு மெல்லிய கம்பியைச் சுற்றுகிற கை இந்த ஊரில் ஒன்றுதான்.

யாருக்காக என்பதுதான் தெரியவில்லை. எவனோ இவளைப் பயமுறுத்தி வேலை வாங்குகிறானா? அல்லது இவளே விரும்பிச் செய்கிறாளா? இருபத்தாறு வருசம் ஒரே தட்டில் சாப்பிட்ட மாதிரி வாழ்ந்தவளை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார். அவள் செல்போன் சத்தம் கேட்டால் காயிலின் சுற்றுக் கணக்கு அவருக்குத் தப்பியது. போனை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போனால், தண்ணீர் குடிக்கிற மாதிரி இவரும் எழுந்தார்.

அடுத்த வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சவுந்தரம் தூக்குச் சட்டியைக் கையில் எடுத்தாள்.

"பந்தல்குடிக்குப் போறேன். முருகேஸ்வரிக்கு இன்னும் மேலுக்கு முடியலயாம்."

முருகேஸ்வரி அவளுடன் படித்தவள். போன வியாழனும் மேலுக்கு முடியவில்லை, அதற்கு முந்தின வியாழனும் முடியவில்லை. வியாழக்கிழமை மட்டும் வருகிற வியாதி என்ன வியாதி?

"சரி, போயிட்டு வா" என்றார்.

பஸ் கிளம்பினதும் ஷட்டரை இழுத்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பைக்கை எடுத்தார். தூத்துக்குடி ரோட்டில் பஸ்ஸுக்கு ரெண்டு லாரி பின்னாலேயே போனார். ரெண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசல். வெயில் கண்ணைக் குத்தியது. தன் பெண்டாட்டியைத் தானே பின்தொடர்ந்து போகிற கேவலம் பாதி வழியில் உறைத்தது. வண்டியைத் திருப்பவும் மனசில்லை.

பந்தல்குடியில் இறங்கின சவுந்தரம் முருகேஸ்வரி வீட்டுத் தெருப்பக்கம் திரும்பவே இல்லை. மெயின் ரோட்டோரம் லாரிகள் நிற்கிற டீக்கடைப் பக்கம் நடந்தாள். வேப்ப மரத்தடியில் நின்ற லாரியிலிருந்து ஒருத்தன் குதித்தான். வாயை மூடித் துண்டு கட்டியிருந்தான். அவள் தூக்குச் சட்டியை நீட்டினாள். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். அவன் தீப்பெட்டியைத் திறந்து, எதையோ ரெண்டு விரலால் எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

சாலமோன் பைக்கை நிறுத்திவிட்டுக் கிட்டே போனார். அந்த ஆளுக்கு வயிறு வைத்திருந்தது, முன்தலை ஏறியிருந்தது. ஆனால் இடது தோளைச் சாய்த்து நிற்கிற நிலை அப்படியே இருந்தது.

"ஏலே கிறிஸ்டோ!"

ரெண்டு பேரும் திரும்பினார்கள்.

"செம்பு பத்தாதுன்னு இப்ப இந்தக் கருமத்தையும் எங் கடைக்குள்ள கொண்டாந்துட்டியா? எம் பொண்டாட்டிய வச்சு யாவாரமா பண்ற?"

டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்தார்கள்.  சவுந்தரம்தான் முன்னால் வந்தாள்.

"யாவாரமா? மொதல்ல அவன் வாயப் பாருங்க." தம்பியின் துண்டை அவளே கீழே இழுத்தாள். கீழ் உதடு கொப்பளித்து, நடுவில் தோல் உரிந்திருந்தது. "இந்த வாயோட சோறு எறங்காம ரெண்டு நாளா ஓட்டிக்கிட்டு வாரான். கஞ்சி கொண்டாந்தேன். அதுவும் களவா?"

"எனக்குத் தெரியாம எதுக்கு வர?"

"தெரிஞ்சா விட்டிருப்பீகளா? ஒங்களுக்கு ஊரே திருடன். கூடப் பொறந்தவனப் பாக்குறதுக்கு நான் முருகேஸ்வரிக்கு வியாதி வரவழைக்க வேண்டியிருக்கு."

 மிச்சத்தைக் கிறிஸ்டோ சொன்னான். சொல்லும்போது நடுநடுவே இருமினான். நாளைக்கு ரெண்டு கட்டுப் பீடி ஊதினவன் அவன். போன வருசம் நெஞ்சில் சளி கட்டி, டாக்டர் பீடியை விடச் சொன்னார். லோடு ஏற்றித் தூத்துக்குடிக்குப் போன இடத்தில் துறைமுகத்துப் பக்கத்து ஆள் ஒருத்தன் இந்தப் பேனாவைக் கொடுத்து, இதை இழுத்தால் பீடி மறந்துபோகும் என்றான். மறக்கத்தான் செய்தது. நாலு மாசமாகப் பீடியைத் தொடவில்லை. ஆனால் நாலு நாளைக்கு ஒரு காயில் எரிந்தது. தடை போட்ட சாமானுக்கு மாற்றுக் காயில் எங்கே கிடைக்கும்?

"எனக்குத் தெரிஞ்ச காயிலுக்காரி அக்கா ஒருத்திதான் அத்தான்" என்றான். "யாவாரமெல்லாம் இல்ல. என் ஒருத்தனுக்குத்தான்."

நம்புவதா வேண்டாமா என்று சாலமோன் அவன் முகத்தையே பார்த்தார். "கொடு அத" என்று கையை நீட்டினார். வாங்கித் தரையில் போட்டுச் செருப்பால் நசுக்குகிற எண்ணம்தான். தீப்பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே பஞ்சுமேல் ஒரு காயில் இருந்தது. கோணி ஊசியில் சுற்றி எடுத்த மாதிரி ஏழு சுற்று. ஒன்றுக்கொன்று முடி இடைவெளி, எந்தச் சுற்றும் அடுத்ததைத் தொடவில்லை. முப்பது வருசத் தொழிலில் இவ்வளவு பொடிசாக ஒரு காயிலை அவர் பார்த்ததில்லை. குறை சொல்ல ஏதாவது கிடைக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தன ஓம்ஸ்?" என்றார், சவுந்தரத்தைப் பார்க்காமல்.

"ஒன்னேகால்."

"சுத்து சுத்தமாத்தான் இருக்கு. அப்புறம் ஏன் எரியுது? பேட்டரி எத்தன வோல்ட்டு கொடுக்குது?"

அவளுக்குத் தெரியவில்லை. கிறிஸ்டோ பேனாவை எடுத்துக் காட்டினான். "அடியில ஒரு திருகு இருக்கு அத்தான். முன்னாடி லேசா வச்சிருந்தேன், பீடி மாதிரி தொண்டையில புடிக்கல. அதான் ஏத்தி வச்சிருக்கேன்."

"எம்புட்டு?"

"கடைசி வரைக்கும்."

சாலமோன் தலையில் அடித்துக்கொண்டார். "நாளைக்குக் கடைக்குக் கொண்டா. அதுவரைக்கும் இத வாயில வைக்காத." சொன்ன பிறகுதான், பதினோரு வருசத்துக்கு முன்னால் துரத்தினவனைக் கடைக்கு வரச் சொல்லியிருப்பது அவருக்கே உறைத்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிறிஸ்டோ வந்தான். ஷட்டருக்கு வெளியிலேயே நின்றான். சவுந்தரம் "உள்ள வாடா" என்ற பிறகுதான் படியேறினான். அவன் ஏறும்போது சாலமோன் பழைய செம்பு மூட்டையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார். வேண்டுமென்று செய்யவில்லை, கால் தானாகச் செய்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். 

பாதி ஷட்டரை இறக்கிவிட்டுப் பேனாவைப் பிரித்தார்கள். திருகைக் கீழே வைத்து அளந்தால் மூன்றேகால் வோல்ட்டு. கடைசி வரை ஏற்றினால் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு.

"இதப் பாரு" என்றார் சாலமோன். "வோல்ட்டு ஒன்னரை மடங்குதான் ஏறியிருக்கு. ஆனா சூடு ரெண்டு மடங்குக்கு மேல ஏறும். போர்ல என்ன நடக்குது? ஊறுற தண்ணியவிட வேகமா இழுத்தா மோட்டார் வெறுசா ஓடும், எரியும். மோட்டாரச் சுத்தித் தண்ணி நிக்கிற வரைக்கும்தான் அதுக்கு உசுரு. இங்கயும் அதே கதைதான். பஞ்சு உறிஞ்சிக் கொடுக்குறதுக்கு முன்னாடியே நீ காய வச்சு இழுத்துர்ற. நனைஞ்ச பஞ்சு சூட்டத் தாங்கும். காஞ்ச பஞ்சு கருகும். நீ இழுத்ததெல்லாம் பஞ்சுப் புகையும் காஞ்ச இரும்போட சூடும். ஒதடு வேகாம என்ன செய்யும்?"

"பஞ்ச இறுக்கி வச்சா தண்ணி ஏற மாட்டேங்குது. தளத்தி வச்சா ஒழுகுது" என்றாள் சவுந்தரம். "மூணு விதமா வச்சுப் பாத்துட்டேன்."

"மூணு விதமா?"

"நீங்க வெளிய போன நாளெல்லாம் வேற என்ன செஞ்சேன்னு நெனைச்சீக?"

 சாலமோன் முகம் கொஞ்சம் இளகியது. கம்பி நீளத்தைக் கூட்டச் சொன்னார். பதினோரு சுற்று, ரெண்டு ஓம்ஸ். சூடு ஒரே இடத்தில் குவியாமல் பரவும். லேசாகக் காய வைத்து, எந்தச் சுற்று முந்திச் சிவக்கிறது என்று பார்த்துச் சவுந்தரம் ஊசியால் நெம்பிச் சரிசெய்தாள். டேங்கிலிருந்து பஞ்சுக்குத் தண்ணீர் வருகிற ஓட்டையை அவர் அரம் வைத்துத் துளி பெரிசாக்கினார். பஞ்சை அவள் காயிலுக்குள் உரசாமல் நுழைகிற பதத்துக்குத் திரித்தாள். நனையட்டும் என்று பத்து நிமிசம் வைத்தார்கள். திருகைக் கீழே இறக்கி, அதன்மேல் வார்னிஷ் வைத்து அடைத்தார் சாலமோன்.

வாயில் வைத்துப் பார்க்க அவர் யாரையும் விடவில்லை. இன்வர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் இழுக்கிற ரப்பர்க் குமிழை மாட்டி, பட்டனை மூன்று எண்ணுகிற வரை அமுக்கி, குமிழால் இழுத்து, இருபது எண்ணுகிற வரை விட்டு, மறுபடி இழுத்தார். கடை முழுக்க மாம்பழம் மணந்தது. நாற்பது தடவைக்குப் பிறகு பிரித்தார்கள். பஞ்சின் நடுவில் டீ பட்ட மாதிரி ஒரு நிறம். கருகவில்லை.

கிறிஸ்டோ சிரித்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தான். பேனாவுக்குக் கையை நீட்டினான். சாலமோன் கொடுக்கவில்லை. டேங்கில் ஊற்றுகிற தண்ணி என்று கிறிஸ்டோ கொண்டுவந்திருந்த சின்னப் பாட்டிலுக்கு அவர் கண் போயிருந்தது. ஒரு மாம்பழப் படம், அதைத் தவிர ஒரு எழுத்துக்கூட அதில் இல்லை.

"இதுல என்ன கலந்திருக்கு?"

"தெரியல அத்தான்."

"எவன் செஞ்சான்?"

"தெரியல."

ஒரு சொட்டை எடுத்து இரும்புத் தகட்டில் விட்டு, அடியில் காய்ச்சினார். புகை போன பிறகு பழுப்பு நிறத்தில் பிசுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டது. வார்னிஷ் கரைக்கிற தின்னரால் துடைத்தும் போகவில்லை.

"காயிலு கருகாதுன்னு நான் சொல்லுவேன். இந்தத் தண்ணிக்கு யாருலே சொல்லுவா? ஒரு நாளைக்கு நூறு தடவ நெஞ்சுக்குள்ள எறக்குற, எவன் செஞ்சதுன்னு தெரியாதுங்குற."

"அப்பப் பீடிக்கே போகச் சொல்றீகளா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டான்.  சாலமோன் பிசுக்கு ஒட்டின தகட்டை மறுபடியும் துடைத்தார்.

சவுந்தரம் மகளுக்குப் போன் போட்டாள். ஆன்சி முழுக்கக் கேட்டுவிட்டு, ஸ்பீக்கரிலேயே மாமாவையும் அப்பாவையும் வாங்கு வாங்கென்று வாங்கினாள். "மாமா, அது பீடிக்கு மருந்துன்னு ஒங்களுக்கு யார் சொன்னா? அதுலயும் அதே நிகோட்டின்தான் இருக்கும். காயிலு கருகாட்டியும் அது நல்லதாயிராது. பெரியாஸ்பத்திரியில போதையும் புகையிலையும் விடுறதுக்குத் தனியா பாக்குறாக. மெல்லுற மருந்து கொடுப்பாக. கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கலாம். அப்பா, நீங்க கடையில இத வச்சிருந்தா ஒங்களுக்கும் கேஸுதான். தெரியுமா?"

"தெரியும்" என்றார் சாலமோன்.

அன்றைக்கே பேனாவை உடைத்துவிட வேண்டும் என்றுதான் அவர் நின்றார். சவுந்தரம்தான் தடுத்தாள். "கைய வெறுங்கையா விட்டா நாளைக்கே பீடியப் பத்த வச்சிருவான். ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் இருக்கட்டும்." கடைசியில் பேனாவைக் கொடுத்தார். "திருக நோண்டாத. நோண்டுனா வார்னிஷ் காட்டிக் கொடுத்துரும். வாரம் ஒரு தடவ கொண்டாந்து காட்டணும்" என்றார்.

அப்படிக் கிறிஸ்டோ வாரா வாரம் வர ஆரம்பித்தான். சாலமோன் லென்ஸ் வைத்து வார்னிஷைப் பார்ப்பார். பஞ்சைப் பிரித்துப் பார்ப்பார். அவன் ஆஸ்பத்திரிக்குப் போனதாகச் சொன்னால் சீட்டைக் கேட்பார். சொன்னபடி அவன் உடனே போகவும் இல்லை. லோடு இருக்கிறது, வண்டி சர்வீசில் இருக்கிறது என்று ஒரு மாசம் ஓட்டின பிறகுதான் போய் மெல்லுகிற மருந்தை வாங்கி வந்தான். நடுவில் ரெண்டு தடவை பீடிக்கு வழுக்கினான். அவன் படியேறுகிறபோதே வாசத்தில் சாலமோனுக்கு அது தெரிந்துவிட்டது. ஆனி மாசம் ஒரு நாள், மூன்று வாரமாக எதையும் தொடவே இல்லை என்று சொல்லிப் பேனாவை மேசைமேல் வைத்தான். சாலமோன் அதை அக்கக்காகக் கழற்றி, பேட்டரியைத் தனியாக எடுத்து, பாட்டிலில் மிச்சமிருந்ததை மண்ணில் கொட்டி மூடினார்.

அன்றைக்குச் சவுந்தரம் டீ வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, சாலமோன் கேட்டார். "அந்தச் செம்பு?"

"நான் எடுக்கல அத்தான். அன்னைக்கும் அதத்தான் சொன்னேன்."

சாலமோன் தலையாட்டினாரா, குனிந்தாரா என்பது கிறிஸ்டோவுக்கே தெளிவாகத் தெரியவில்லை. செம்பு காணாமல் போன சமயத்தில் பின்பக்கத்து ஜன்னல் கம்பி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, வெளியாள்கூட நுழைந்திருக்கலாம் என்று சவுந்தரம் அந்தக் காலத்திலேயே சொல்லிப் பார்த்தவள். அந்த ஜன்னலை மாற்றியே எட்டு வருசமாகிறது. இனிமேல் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

ஆனால் அடுத்த மாசம், திருச்சுழிக்கு அப்பால் இருக்கிற பொன்னுச்சாமி என்கிற சம்சாரியின் மோட்டார் தயாரானபோது, சாலமோன் தானே கிறிஸ்டோவுக்குப் போன் போட்டார். "அந்தப் பக்கம் காலியாத்தான் போறியாமே. இத ஏத்திக்கிட்டுப் போ." புதுச் செம்பு சுற்றின ஏழரை எச்.பி. மோட்டார். லாரியில் ஏற்றிக் கயிறு கட்டுகிற வரைக்கும் நின்று பார்த்தார். லாரி கிளம்பி முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று தடவை போன் போட்டு எங்கே வருகிறாய் என்று கேட்டார். சவுந்தரம் ஃபேன் காயிலுக்குப் பின்னால் சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல், நாலாவது தடவை பொன்னுச்சாமிக்கே போட்டார்.

"வந்துருச்சுண்ணே, எறக்கியாச்சு" என்றார் பொன்னுச்சாமி. "ஒங்க மச்சினனும் கூட நின்னு குழாயப் புடிச்சாரு. தண்ணி நல்லா வருது. இப்பச் சாப்புட உக்காந்திருக்காரு. பேசுறீகளா?"

"வேணாம். திங்கட்டும்" என்று சாலமோன் போனை வைத்தார். கொஞ்ச நேரம் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தார். பிறகு சவுந்தரத்தைப் பார்த்துச் சொன்னார்:

"ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சதும் அவன வீட்டுக்குச் சாப்புட வரச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க. நம்பர் இருக்குல்ல?"

சாலமோன் மறுபடியும் போனை எடுத்தார்.